11 வருடம் பிஎச்பி எழுதியவன் கோ மொழிக்குப் போனால் பழைய அனுபவம் வீணா?

கேள்வி, ஆகஸ்ட் 1, 2024

கோவையில் 11 வருடமாக பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதுகிறேன். வயது 34. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் முழுவதையும் கோ மொழிக்கு மாற்றப் போகிறார்கள். இரண்டு வருடம் வேலை பார்த்த பையன்களோடு என்னையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துப் பயிற்சி நடக்கிறது. இத்தனை வருடம் கற்றதெல்லாம் அவ்வளவுதானா? பல மொழி மாறியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 1, இரவு 10.15

வீணாகாது, தம்பி. நான் 1993-ல் ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கோபோலும் டிபேஸும் படித்து ஆரம்பித்தவள். அப்புறம் டர்போ சி, ஃபாக்ஸ்புரோ, விஷுவல் பேசிக் 6, ஜாவா, பைத்தான். இப்போது மூன்று வருடமாக கோ மொழி. எந்த மொழியும் 15 நாளில் கைக்கு வந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 2, காலை 6.30

இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். 15 நாள் என்று சொன்னது சரியில்லை. 15 நாளில் வருவது இலக்கணம். எனக்கு நடந்ததைச் சொன்னால்தான் மீதி புரியும்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கூலி ஷிப்ட் கணக்கு. 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். வாரம் முழுக்க அப்படி நின்றால் ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். 1996-லிருந்து இந்தக் கணக்கை ஃபாக்ஸ்புரோவில் எழுதிப் பழகியவள் நான். மணி நேரத்தை 8-ஆல் வகுத்து ஷிப்ட் கூலியால் பெருக்கு, அவ்வளவுதான். 12-ஐ 8-ஆல் வகுத்தால் ஃபாக்ஸ்புரோ 1.5 என்று தரும்.

2007-ல் கோவையில் ஒரு கம்பெனியில் ஜாவாவுக்கு வந்திருந்தேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு அதே சம்பளக் கணக்கை ஜாவாவில் எழுதினேன். வகுக்கிற வரியைக் கை தானாகவே எழுதிவிட்டது. ஜாவாவில் இரண்டு முழு எண்ணை வகுத்தால் மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு முழு எண்ணைத்தான் தரும். 12/8 அங்கே 1. சோதனைக்கு நான் போட்டுப் பார்த்தவை 8-ம் 16-ம். இரண்டுமே சரியாக வகுபட்டன.

முதல் சனிக்கிழமை கவர் கொடுத்து அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஓவர்லாக் தைக்கிற ஒரு அம்மா கவரோடு நேராக என் மேஜைக்கு வந்தார். "ஏனுங்க, ஆறு நாளும் எட்டரை வரைக்கும் நின்னிருக்கறேன். ஒம்பது ஷிப்ட் வரோணும். ஆறுதான் போட்டிருக்குது." விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அவருக்குப் பின்னால் கைமடிப் பிள்ளைகள் (தைப்பவர்களுக்கு உதவியாக இருப்பவர்கள்) நாற்பது பேர் வரிசை கட்டி நின்றார்கள். அன்று இரவு முழுக்க உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்கியைக் கொடுத்தோம். அந்த வாரத்து அரிசியும் சீட்டுப் பணமும் அந்தக் கவரில்தான் இருந்தது என்பதை நான் இன்று வரை மறக்கவில்லை.

கோ மொழியிலும் 12/8 என்பது 1. பதிலைத் தசம எண்ணாக வைத்துக்கொள் என்று சொன்னாலும் வகுத்து முடித்த பிறகுதான் மாற்றும், அதனால் அப்போதும் 1 தான். பிஎச்பியில் 1.5 வரும். உங்கள் கையும் 11 வருடமாக அப்படிப் பழகிய கைதான்.

ஆகஸ்ட் 2, மதியம்

"அப்படியானால் அனுபவம்தானே உங்களைக் கவிழ்த்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அதை மறைக்கவில்லை. அனுபவமே இல்லாத பெண்ணாக இருந்திருந்தால் வகுத்தல் இங்கே எப்படி வேலை செய்யும் என்று புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பேன். பழகிய கைக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

ஆனால் இதையும் பாருங்கள். அந்த அம்மா "ஒன்பது, ஆறு" என்று சொன்ன நொடியில் தவறு எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூலி நோட்டில் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் வர வேண்டும் என்று பத்து வருடம் பார்த்த கண் அது. பக்கத்தில் இருந்த பையன் ஜாவாவில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் டேட்டாபேஸில் தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆகஸ்ட் 4

நேற்று ஆடி 18, வீட்டில் ஒறம்பரை (உறவினர்கள்) நிறைந்திருந்ததால் பதில் எழுத முடியவில்லை.

சமக்குறி பற்றிக் கேட்டிருந்தார்கள். மொழி விட்டு மொழி போகும்போது எனக்கு அதிகம் தொல்லை கொடுத்த குறி அதுதான்.

ஃபாக்ஸ்புரோவில் எக்ஸாக்ட் என்ற ஒரு அமைப்பு இருக்கும், நாமாகப் போடாவிட்டால் அணைந்தே இருக்கும். அப்போது ஒற்றைச் சமக்குறியால் இரண்டு சொல்லை ஒப்பிட்டால், வலது பக்கத்துச் சொல் முடிகிற இடம் வரைக்கும்தான் பார்க்கும். இடது பக்கம் டி10, வலது பக்கம் டி1 என்றால் இரண்டும் ஒன்று என்று சொல்லும். டி1 என்ற டோக்கன் எண் உள்ள தொழிலாளி வாங்கிய அட்வான்ஸை டி10, டி11, டி12 எல்லோரிடமும் பிடித்திருந்தேன். அதற்கப்புறம் நான் எழுதிய எல்லா ஃபைலிலும் முதல் வரியே அதை ஆன் செய்கிற கட்டளைதான்.

ஜாவாவில் இது தலைகீழ். இரட்டைச் சமக்குறியால் இரண்டு சொல்லை ஒப்பிட்டால் எழுத்தைப் பார்க்காது, இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று பார்க்கும். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் வேறு வேறு என்று சொல்லிவிடும். அங்கே வேறானதை ஒன்று என்றது, இங்கே ஒன்றானதை வேறு என்றது. எண்ணிலும் இதே கதை உண்டு: டோக்கன் 127 வரை சரியாக ஒப்பிட்டது, 128-லிருந்து தவறியது. மைனஸ் 128 முதல் 127 வரையான எண்களை ஜாவா முன்பே செய்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் புதுப் பொருள். எங்கள் சோதனையில் ஐம்பது பேர்தான் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 5

ரவுண்டு செய்வது பற்றி ஒன்று. 2001-ல் பல்லடம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக்காரருக்கு, ஃபாக்ஸ்புரோவில் இருந்த கூலிக் கணக்கை விஷுவல் பேசிக்குக்கு மாற்றிக் கொடுத்தேன். பெரியவர், எழுபது வயது இருக்கும். கம்ப்யூட்டர் பில்லை வாங்கித் தன் சிட்டையோடு வரி வரியாக ஒப்பிட்டார். "அம்மிணி, சில வரியில ஒரு ரூவா கொறையுது. அது எங்க போச்சுங்?" என்றார். விஷுவல் பேசிக் ஐம்பது பைசாவை எப்போதும் வெட்டிவிடும், அதுதான் காரணம்.

ஆகஸ்ட் 5, இரவு

தவறாகச் சொல்லிவிட்டேன், ஒருவர் சுட்டிக் காட்டினார், நன்றி. எப்போதும் வெட்டாது. சரிபாதியில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 412.50 என்றால் 412. 413.50 என்றால் 414. ஃபாக்ஸ்புரோவில் முதலாவது 413 ஆகும், இரண்டாவது 414 ஆகும். அதனால்தான் பெரியவருக்கு எல்லா வரியிலும் குறையாமல் சில வரியில் மட்டும் குறைந்தது. எல்லா வரியிலும் குறைந்திருந்தால் நான் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். மூன்று நாள் ஆனது.

பைத்தான் 3-ம் விஷுவல் பேசிக் மாதிரியே இரட்டைப்படைக்குப் போகும். பைத்தான் 2 அப்படியில்லை, 2.5-ஐ 3 ஆக்கும். வகுத்தலும் அப்படித்தான் மாறியது: பைத்தான் 2-ல் 12/8 என்றால் 1, பைத்தான் 3-ல் 1.5. மொழியின் பெயர்கூட மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தபோது எங்கள் குழுவில் இருந்தவர்கள் இதை வெறும் பதிப்பு மாற்றம் என்று நினைத்தார்கள். நான் ஒரு மாதம் கேட்டேன், கூலி, வட்டி, வரி வருகிற ஒவ்வொரு வரியையும் பார்க்க. கொடுத்தார்கள்.

நீங்கள் பில்லிங் எழுதுகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ம் பிரிவு, வரித்தொகையை அருகில் இருக்கிற ரூபாய்க்குக் கொண்டு வரும்போது 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் மேலே ஏற்று என்கிறது. ஆக, இதில் மொழியின் வழக்கத்துக்கு வேலையே இல்லை. கோ மொழியின் கணித நூலகத்தில் ரவுண்டு என்ற சாதாரணச் செயல்பாடு மேலே ஏற்றும். இரட்டைப்படைக்குப் போவதற்குத் தனியாக வேறொன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

ஆகஸ்ட் 9

டர்போ சி எழுதிய காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் மாமாவுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. 1994-ல் தினசரி முட்டைக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். டர்போ சியில் சாதாரண முழு எண் 16 பிட், 32,767-க்கு மேல் போகாது. 40,000 முட்டை வந்த நாளில் திரையில் மைனஸ் 25,536 என்று வந்து நின்றது. பண்ணைக் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டு, "கோழியெல்லாம் முட்டையத் திருப்பி வாங்கிக்கிச்சா?" என்றார். இன்றும் கல்யாண வீடுகளில் பார்த்தால் அதைத்தான் கேட்பார்.

விஷுவல் பேசிக் 6-லும் சாதாரண முழு எண்ணுக்கு அதே 32,767 எல்லை. ஆனால் எல்லை தாண்டினால் ஓடாமல் நின்று, பிழை என்று சொல்லும். சி சொல்லாது. ஜாவாவும் சொல்லாது, அங்கே எல்லை 214 கோடிக்கு மேல் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் பணத்தைப் பைசாவாக வைத்தால் அந்த எல்லை 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. மஞ்சள் மண்டிக்கு இது ஒரு வருடத்துக்கே போதாது.

எங்கள் அய்யன் சென்னிமலையில் கைத்தறி நெய்தவர், பிற்பாடு விசைத்தறிக்குப் போனார். பாவு இழை ஒன்று அறுந்தால் சாதாத் தறி தானாக நிற்காது, பழுதோடு துணியை நெய்துகொண்டே போகும். ஆட்டோ தறியில் ஒவ்வொரு இழையிலும் ஒரு சின்னத் தகடு தொங்கும், இழை அறுந்தால் தகடு விழும், தறி நின்றுவிடும். ஆட்டோ தறிக்கு மாறிய முதல் வாரம், "இது நின்னுக்கிட்டே இருக்குது, வேலைக்கு ஆகாது" என்று அய்யனுக்கு எரிச்சல். ஒரு மாதம் கழித்து மடித்த துணியைப் பார்த்த பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டார். புது மொழிக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இழை அறுந்தால் இது நிற்குமா, ஓடுமா?

கோ மொழி இந்த விஷயத்தில் இரண்டு மாதிரியும் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தாத மாறியை வைத்தால்கூடக் கம்பைல் ஆகாது, அதாவது ஓடவே தொடங்காது. ஆனால் முழு எண் எல்லை தாண்டினால் ஒன்றும் சொல்லாது. 64 பிட் கணினியில் சாதாரண முழு எண்ணே 64 பிட் என்பதால் பைசாக் கணக்குக்குப் பயமில்லை.

ஆகஸ்ட் 10

கேள்வி கேட்டவருக்கு மட்டும். பிஎச்பியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் குழுவில் தடுக்கிய இடம் இரண்டு.

பிஎச்பியில் அரே என்ற பட்டியலில் எந்த வரிசையில் போட்டீர்களோ அந்த வரிசையில்தான் திரும்ப வரும். கோ மொழியில் மேப் என்ற பெயர்-மதிப்புப் பட்டியலைச் சுற்றிவரும்போது வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், யாரும் அதை நம்பிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பில்லில் முதல் சரக்கு ஒரு முறை அரிசி, அடுத்த முறை பருப்பு என்று அச்சாகும். வரிசை வேண்டும் என்றால் ஸ்லைஸ் என்ற வரிசைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் பெரியது. வழக்கமாக ஓட்டுகிற முறையில் பிஎச்பி ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகப் பிறந்து வேலை முடிந்ததும் செத்துவிடும். நீங்கள் எங்கே எதை வைத்தாலும் அடுத்த ஆளுக்கு அது தெரியாது. கோ நிரல் சாகாமல் மாதக்கணக்கில் ஓடும், ஒரே நேரத்தில் நூறு பேருக்கு வேலை செய்யும். எங்கள் குழுவில் ஒரு பெண், பிஎச்பியில் கெட்டிக்காரி, இப்போது யாருக்கு பில் போடுகிறோம் என்பதை ஒரு பொது மாறியில் வைத்துவிட்டாள். ஒரு கடையின் பில்லில் இன்னொரு கடையின் பெயர் வந்தது. அவள் அழுதுவிட்டாள். அவள் எழுதியது பிஎச்பியில் முழுக்கச் சரியான நிரல்.

ஆகஸ்ட் 15

ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒரே மொழியில் இருந்து ஆழமாகப் போவதே மேல், மாறிக்கொண்டே இருப்பவன் எதிலும் நிற்பதில்லை. இதற்கு உடனே பதில் எழுத வந்தேன், எழுதவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஃபாக்ஸ்புரோவை விடவே இல்லை. அவரைவிட வேகமாக அதில் வேலை செய்தவரை நான் பார்த்ததில்லை. 2007 மார்ச்சில் இனிப் புதுப் பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னபோதும் அசையவில்லை. 2015 ஜனவரியில் ஆதரவே முடிந்தது, அப்போதும் அவருடைய வாடிக்கையாளர் ஒருவர்கூடப் போகவில்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகுதான் ஒவ்வொருவராகப் போனார்கள். அவருக்கு மாற்றத் தெரியாமல் இல்லை. பில்லும் ரிட்டர்னும் இணையத்தோடு பேச வேண்டும் என்று வந்தபோது, புதிதாக வந்த பெரிய சாஃப்ட்வேர்களோடு ஒற்றை ஆளாக ஓட முடியவில்லை. அந்த மனிதருக்கு இருந்த ஆழம் எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆகவே ஒரே மொழியில் இருப்பதே மேல் என்று எழுதியவர் சொன்னதில் பாதி உண்மை. மாறியதால் நான் கெட்டிக்காரி ஆகவில்லை, வேலையில் இருக்கிறேன்.

அந்த ஜிஎஸ்டி சமயத்தில் எனக்கும் ஒரு பழைய அழைப்பு வந்தது. 1998-ல் நான் எழுதிக் கொடுத்த ஃபாக்ஸ்புரோ நிரல் பெருந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 19 வருடம் கழித்து அதைத் தொட்டேன். கட்டளைகளை விரல் தானாக அடித்தது, தலைக்கு முன்னால் கை போனது. ஆனால் அந்த நிரலைப் படிக்க முடியவில்லை. மாறிகளுக்கு எம்1, எம்2 என்று பெயர் வைத்திருந்தேன். ஒரே ஒரு குறிப்பு மட்டும் உதவியது: "சனிக்கிழமை அட்வான்ஸ் கழிக்கக் கூடாது, முதலாளி சொன்னது." மற்ற வரிகள் எப்படி என்று சொல்லின, அந்த ஒரு வரிதான் ஏன் என்று சொல்லியது. அன்றிலிருந்து ஏன் என்பதைத் தமிழிலேயே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 16

மாறாத ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. எஸ்க்யூஎல், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழி. ஃபாக்ஸ்புரோவிலேயே செலக்ட் கட்டளை இருந்தது, அதில் கற்றதை விஷுவல் பேசிக், ஜாவா, பைத்தான், கோ எல்லாவற்றிலும் கொண்டுபோனேன், இன்று காலையும் எழுதினேன். உங்களுக்கும் அது அப்படியே கூட வரும். பக்கத்து இருக்கைப் பையன்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அட்டவணையை எப்படிப் பிரிப்பது என்பதில் உங்களுக்கு 9 வருடம் முன்னிலை இருக்கிறது.

ஆகஸ்ட் 31

தமிழ் எழுத்து பற்றிக் கேட்டவருக்கு. "கொங்கு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று: கொ, ங், கு. ஸ்விஃப்ட் மொழியைக் கேட்டால் அதுவும் மூன்று என்கிறது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் 3 மூன்றும் 6 என்கின்றன, ஏனென்றால் யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் கொம்பும் புள்ளியும் தனித்தனி. கோ மொழியின் சாதாரண நீளம் 18, பைட் கணக்கு. பிஎச்பியிலும் சாதாரண நீளம் 18 தான், அதனால் இதில் மட்டும் உங்களுக்குப் புது அதிர்ச்சி இல்லை.

கொ என்பதை ஒற்றை உயிர்க்குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது, உள்ளே 6-க்குப் பதில் 7. ஒரே வாடிக்கையாளர் பட்டியலில் இரண்டு முறை இருந்தார், இரண்டு பாக்கிக் கணக்கு. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

செப்டம்பர் 8

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார், பயிற்சி முடிந்து முதல் வேலை கொடுத்துவிட்டார்களாம். தள்ளுபடிக் கணக்கில் ஓர் இடத்தில் வகுத்தல் வந்தது, நிறுத்தி யோசித்தேன், முழு எண்ணாக இருந்தது, பக்கத்து இருக்கைப் பையனின் நிரலிலும் அதே இருந்தது, இரண்டையும் திருத்தினேன் என்கிறார். ரொம்ப சந்தோஷம். அந்தப் பையனிடம் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், தள்ளுபடி எப்படிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

செப்டம்பர் 8, இரவு

128 பற்றி ஒரு திருத்தம். ஜாவாவில் வெறும் முழு எண்ணாக வைத்திருந்தால் அந்தத் தொல்லையே வராது, இரட்டைச் சமக்குறி சரியாக ஒப்பிடும். லிஸ்டிலோ மேப்பிலோ போடும்போது அது பொருளாக மாறிவிடுகிறது, அப்போதுதான். எங்கள் டோக்கன்கள் மேப்பில் இருந்தன. சொல்லாமல் விட்டுவிட்டேன்.